சிரை நோய்களுக்கு மட்டும் ஓர் அறுவை நிபுணர் தன் வாழ்நாளைக் கொடுக்கலாமா?

கேட்டவர் ரத்தநாள அறுவை சிகிச்சைப் பயிற்சியின் கடைசி ஆண்டில் இருக்கிறார். தமனி வேலையில் கை நன்றாகவே பழகிவிட்டது, ஆனால் மனம் சிரை நோய்கள் பக்கம் சாய்கிறது. "அது காலை அழகுபடுத்தும் வேலை, இத்தனை வருஷம் படித்தது அதற்கா?" என்று மூத்தவர்கள் கேட்கிறார்களாம். அதையே முழுநேரமாகச் செய்தால் கை மழுங்கிவிடுமா, சில வருடங்களில் சலித்துவிடுமா என்பது அவருடைய கேள்வி. இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன். கை மழுங்குவதைப் பற்றி இவர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உயிரைக் காப்பாற்றும் வேலையை விட்டுவிட்டு இதற்குப் போனால், பின்னாளில் தன்னைத் தானே மதிக்க முடியுமா என்றுதான் கேட்கிறார். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் இந்தத் துறைக்கு வந்து 23 ஆண்டுகள் ஆகின்றன. முதல் 9 ஆண்டுகள் எல்லாம் கலந்த வேலை: பெருந்தமனி வீக்கம், கழுத்துத் தமனி அடைப்பு, காலுக்கு பைபாஸ், நடுநடுவே சிரை. அதற்குப் பிறகு பெரும்பாலும் சிரைதான். இத்தனை வருடங்களில் எனக்குப் புரிந்தது இது: சிரை மருத்துவத்தில் சிகிச்சையைச் செய்வது சுலபம், யாருக்குச் செய்வது என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம். இந்தக் கஷ்டம் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் வாருங்கள், ஒரு வாழ்நாள் போதாது. கத்தி பிடிக்கும் பரபரப்புதான் வேண்டும் என்றால் தமனியிலேயே இருங்கள். அதிலும் தவறு எதுவும் இல்லை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் வேண்டும். தமிழில் ஒரு சிக்கல் உண்டு. மூளையிலிருந்து வருவதையும் நரம்பு என்கிறோம், காலில் நீலமாகப் புடைத்து நிற்பதையும் நரம்பு என்கிறோம். அதனால் 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று நரம்பியல் மருத்துவரிடம் போய்க் காத்திருந்து, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு என்னிடம் வந்தவர்கள் ஏராளம். புடைத்து நிற்பது சிரை. தமனி, இதயம் தள்ளும் வேகத்தில் ரத்தத்தைக் கொண்டுவருகிறது. சிரை அதே ரத்தத்தைப் பாதத்திலிருந்து நெஞ்சுவரை புவியீர்ப்புக்கு எதிராக ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். அதற்கென்று தனி இதயம் கிடையாது. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் பிழிந்து விடுகிறது, ஏறிய ரத்தம் இறங்காமல் வால்வுகள் தடுக்கின்றன. ஆடாமல் நிற்கும் ஒருவரின் பாதச் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் இருக்கும். அவர் நடக்க ஆரம்பித்ததும் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்டுப்போனவருக்கு நடந்தாலும் இறங்காது. வீக்கம், தோல் கறுத்துத் தடித்துப் போவது, கணுக்கால் பக்கம் ஆறாமல் கிடக்கும் புண் எல்லாமே இறங்காத அந்த அழுத்தத்திலிருந்து வருபவைதான்.

இந்த வால்வுகளைத் தெளிவாக வரைந்து 1603-இல் நூலாக வெளியிட்டவர் பதுவா நகரத்து ஃபாப்ரிசியஸ். ஆனால் அவை எதற்காக இருக்கின்றன என்பதை அவர் சரியாகப் பிடிக்கவில்லை. அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, ரத்தம் ஒரே திசையில் சுற்றி வருகிறது என்று 1628-இல் எழுதியபோது இந்த வால்வுகளையும் சான்றாகக் காட்டினார். கையில் கட்டுப் போட்டுச் சிரையை விரலால் அழுத்தித் தடவும் அவருடைய சோதனையை இன்றைக்கும் மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறேன். ரத்த ஓட்டம் என்ற கருத்துக்கே வழிகாட்டிய உறுப்பைக் கீழான வேலை என்று யாராவது சொன்னால், எனக்கு இது நினைவுக்கு வரும்.

சரி, கை மழுங்குமா என்பதற்கு வருகிறேன். 1890 வாக்கில் ஜெர்மன் அறுவை நிபுணர் ட்ரெண்டலென்பர்க், காலின் உள்பக்கம் தோலுக்கு அடியில் ஓடும் பெரிய சஃபீனஸ் சிரையைத் தொடையில் கட்டி நிறுத்தினார். நுரையீரல் தமனியில் போய் அடைத்த ரத்தக் கட்டியை நெஞ்சைத் திறந்து எடுக்க முயன்றவரும் அதே மனிதர்தான். 1908-இல் அவர் முயன்றதில் நோயாளிகள் பிழைக்கவில்லை, அவருடைய மாணவர் கிர்ஷ்னர் 1924-இல் வெற்றி கண்டார். சிரைத் துறையின் இரண்டு முனைகளையும் ஒரே கை தொட்டிருக்கிறது. 1907-இல் அமெரிக்க அறுவை நிபுணர் பேப்காக், சிரைக்குள்ளே கம்பியை விட்டு உருவி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதுவே ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆட்சி செய்தது. நானும் அப்படித்தான் கற்றேன். மயக்க மருந்து, இடுப்பு மடிப்பில் வெட்டு, உருவியபின் தொடை முழுக்க ரத்தக் கன்றல். 1999 வாக்கில் ரேடியோ அலை வெப்பமும், அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் லேசரும் வந்தன. இன்று முட்டி அருகே ஓர் ஊசித் துளை, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்தபடி கதீட்டர் என்ற மெல்லிய குழாயை உள்ளே ஏற்றுவது, தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழ்சிரையோடு சேரும் இடத்துக்கு 2 செ.மீ. முன்னால் முனையை நிறுத்துவது, சிரையைச் சுற்றிலும் நீர்த்த மரப்பு மருந்தை நிரப்புவது, சூடேற்றிச் சிரையை மூடியபடி கதீட்டரை இழுத்து வெளியே எடுப்பது. ஒரு மணி நேரத்துக்குள் நோயாளி நடந்து வெளியே போகிறார். பைபாஸ் தைத்துப் பழகிய கைக்கு இது சில வாரங்களில் வந்துவிடும். உங்கள் மூத்தவர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

அவர்கள் பார்க்கத் தவறுவது ஸ்கேன் கருவியை. சிரை மருத்துவத்தில் கத்தியின் இடத்தில் இருப்பது அதுதான். என் நான்காவது வருடத்தில் ஒருவருக்குப் பெரிய சஃபீனஸ் சிரையை உருவி எடுத்தேன். எட்டே மாதத்தில் அதே கெண்டைக்காலில் அதே சுருள் சிரைகளோடு திரும்பி வந்தார். மறுபடி ஸ்கேன் எடுத்த சோனோகிராஃபர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, நோயாளியை நிற்க வைத்து, கெண்டைக்காலை அமுக்கிவிட்டுக் காட்டினார். ரத்தம் கீழே திரும்பி ஓடியது முட்டிக்குப் பின்னால் இருக்கும் சிறிய சஃபீனஸில். பெரியதில் கோளாறே பெரிதாக இருந்திருக்காது. முதல் ஸ்கேனைப் படுத்த நிலையில் எடுத்திருந்தார்கள். நான் அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு அறுத்திருக்கிறேன். நல்ல சிரை ஒன்று போனது. பின்னாளில் அவருக்கு இதயத்துக்கு பைபாஸ் தேவைப்பட்டால் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய சிரை அது. அந்த மாதமே அந்த சோனோகிராஃபரிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்தேன். மாலை நேரங்களில் எட்டு மாதம். இன்றுவரை என் நோயாளிகளுக்குச் சிகிச்சைக்கு முன் நானே ஸ்கேன் போட்டுப் பார்க்காமல் ஊசி எடுத்ததில்லை. தோலுக்கு அடியில் ஓடும் மேல்சிரையில் ரத்தம் அரை விநாடிக்கு மேல் திரும்பி ஓடினால் அது பின்னோட்டம் என்பது புத்தகத்தில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்கி, எந்தக் கிளை வழியாக வந்து, எந்த இடத்தில் தோலைத் தாக்குகிறது என்பதைக் காலுக்குக் கால் வரைந்து பார்த்தால்தான் தெரியும். ஒரே மாதிரி இரண்டு கால்களை நான் பார்த்ததில்லை, ஒரே ஆளின் இரண்டு கால்கள் உட்பட.

கத்திக்கும் வேலை இல்லாமல் போய்விடவில்லை. ஆழ்சிரையின் வால்வைத் திறந்து தைத்துச் சரிசெய்யும் அறுவையை 1968-இல் ராபர்ட் கிஸ்ட்னர் முதலில் செய்தார். கண்ணாடிக் காகிதம் போல மெல்லிய இதழ்கள். ரத்தநாள அறுவையில் இதைவிட நுணுக்கமான தையல் எனக்குத் தெரிந்து குறைவு. ஆனால் அது தேவைப்படுபவர்கள் மிகச் சிலர், அதைத் தொடர்ந்து செய்யும் மையங்களும் மிகச் சில. அதற்காகத்தான் வருகிறீர்கள் என்றால் அப்படிப்பட்ட ஒரு மையத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

இப்போது அழகு என்ற குற்றச்சாட்டு. 1994-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி உருவாக்கிய ஸீப் என்ற வகைப்பாட்டில், கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலை 0, சிலந்தி வலை போன்ற மெல்லிய சிரைகள் 1, சுருள் சிரை 2, வீக்கம் 3, தோல் மாற்றம் 4, ஆறிய புண் 5, ஆறாத புண் 6. உங்கள் மூத்தவர்கள் பேசுவது 1-ஐப் பற்றி. அதற்கு ஊசி போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வருபவர்களுக்குப் போடுகிறேன். ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது 6.

ஒருவரைச் சொல்கிறேன். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலப் புண்ணோடு பதினொரு வருடம் வாழ்ந்தவர். வெவ்வேறு களிம்புகள், சுற்றுச் சுற்றாக ஆன்டிபயாடிக், தோல் ஒட்டு இரண்டு முறை. நாற்றம் காரணமாக வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தார், பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதில்லை. பதினொரு வருடத்தில் ஒருவரும் அவரை நிற்க வைத்து ஸ்கேன் எடுக்கவில்லை. எடுத்தால், மேல்சிரையில் மட்டும் தெளிவான பின்னோட்டம். நான்கு அடுக்கு அழுத்தக் கட்டுப் போட்டோம், அதே மாதத்தில் சிரையை மூடினோம். நான்கு மாதத்தில் தோல் மூடியது. அவர் என் அறையில் செருப்பைக் கழற்றி, வெறும் காலைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெருந்தமனி வெடித்தவரை விடியற்காலையில் பிழைக்க வைத்த நாட்களும் எனக்கு உண்டு. இந்தப் புண் ஆறிய நாளை அவற்றுக்குக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்கே எது உறுதி, எதில் சந்தேகம் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் இரண்டையும் ஒரே குரலில் பேசுபவர்கள் அதிகம். அழுத்தக் கட்டு சிரைப் புண்ணை ஆற்றும். இதில் சந்தேகமே இல்லை. கணுக்காலில் 40 மி.மீ. அளவுக்கு அழுத்தம் வர வேண்டும், மேலே போகப் போகக் குறைய வேண்டும். இந்தப் படிப்படியான அழுத்தத்தைக் காலுறையாக்கியவர் கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியாளர். தன் சொந்தக் கால் நோய்க்கு, நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி குறைவதைக் கவனித்து, ஆழத்துக்கு ஏற்ப நீரின் அழுத்தம் கூடுவதைத் துணியில் கொண்டுவர முயன்றார். அடுத்து, கட்டோடு மேல்சிரையையும் சரிசெய்தால் புண் திரும்பி வருவது குறையும். எஷார் என்ற ஆய்வு 2004-இல் இதைக் காட்டியது: ஓர் ஆண்டில் கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதம் பேருக்குப் புண் திரும்பியது, அறுவையும் செய்தவர்களில் 12 சதவீதம். 2018-இல் வந்த எவ்ரா ஆய்வு, சிரையை இரண்டு வாரத்துக்குள் மூடினால் புண் சீக்கிரமாகவும் ஆறும் என்று காட்டியது. ஆறுவதற்கான இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேருக்குப் புண் ஆற ஆன காலம், 82 நாளிலிருந்து 56 நாளாகக் குறைந்தது. 450 பேர் பங்கேற்ற நல்ல ஆய்வு. புண் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் பழக்கத்தை நான் அதோடு விட்டேன்.

சந்தேகம் தொடங்குவது ஆழ்சிரையில். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்தவர்களில் ஏராளமானவர்களுக்குப் பின்னாளில் கால் கனத்து, வீங்கி, வலித்துக்கொண்டே இருக்கும். கட்டியைச் சீக்கிரம் கரைத்துவிட்டால் இதைத் தடுக்கலாம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். 692 பேரைக் கொண்ட அட்ராக்ட் ஆய்வு 2017-இல் வந்தது. கதீட்டர் வழியாகக் கரைத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, ஊசி மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம் பேருக்கும் அந்தத் தொல்லை வந்தது. கரைத்தவர்களிடம் பெரிய ரத்தக் கசிவு அதிகம். ஆனால் தொல்லையின் கடுமை கரைத்தவர்களிடம் ஓரளவு குறைவாக இருந்தது. கட்டி இடுப்புச் சிரைவரை ஏறிய, ரத்தக் கசிவு அபாயம் குறைந்த, வயது குறைந்த ஒருவருக்கு இன்றும் நான் அதை யோசிப்பேன். இது என் தீர்ப்பு, நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். காலுறையிலும் இதே கதை. உறைவுக்குப் பிறகு இரண்டு வருடம் காலுறை போட்டால் பின்விளைவு வராது என்று பல ஆண்டுகள் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தேன். 2014-இல் சாக்ஸ் ஆய்வு 806 பேரில் உண்மையான காலுறையையும் அழுத்தமில்லாத போலிக் காலுறையையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் இல்லை. இப்போது வலியும் வீக்கமும் குறைவதற்காக மட்டும் கொடுக்கிறேன். தடுக்கும் என்று வாக்குக் கொடுப்பதில்லை.

இடுப்புச் சிரை ஸ்டென்ட் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே இது உங்கள் மேஜைக்கு வரும். இடது இடுப்புச் சிரை, வலது இடுப்புத் தமனிக்கும் முதுகெலும்புக்கும் நடுவே நசுங்கிக் கிடப்பதை 1957-இல் மே, தர்னர் என்ற இருவர் விவரித்தார்கள். 430 சடலங்களை ஆராய்ந்ததில் 22 சதவீதத்தில் அந்த இடத்தில் சிரைக்குள் தடிப்பு இருந்தது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒருவருக்கு இருக்கக்கூடிய ஒன்றைப் படத்தில் பார்த்தவுடன் நோய் என்று சொல்லிவிட முடியாது. உண்மையாகவே அடைத்து, கால் வீங்கி, புண்ணோடு வருபவருக்கு ஸ்டென்ட் வைத்துப் பெரிய நிம்மதி கிடைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் லேசான கால் கனம் என்று வந்த 26 வயதுப் பெண்ணின் படத்தில் நசுக்கல் தெரிகிறது என்பதற்காக ஓர் உலோகக் குழாயை வைத்தால், அது அவருக்குள் அறுபது வருடம் இருக்கப்போகிறது. ஒவ்வொரு அடிக்கும் மடங்கும் இடம், பின்னாளில் கர்ப்பம் அழுத்தும் இடம். சிரைக்கென்றே செய்த ஸ்டென்ட்கள் பரவலாகி இன்னும் அத்தனை ஆண்டுகள் ஆகவில்லை. அப்படி ஸ்டென்ட் வைத்து, அடைத்துப்போய், வந்தபோது இருந்ததைவிட மோசமான காலோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சரிசெய்வதுதான் என் வேலையில் மிகவும் துயரமான பகுதி.

வடிகட்டியும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. காலிலிருந்து கிளம்பும் கட்டி நுரையீரலுக்குப் போகாமல் இருக்கப் பெருஞ்சிரையில் வைக்கும் கூடை அது. 1998-இல் வெளியான ப்ரீபிக் ஆய்வில் 400 பேர். வடிகட்டி வைத்தவர்களுக்கு முதல் நாட்களில் நுரையீரல் அடைப்பு குறைந்தது, ஆனால் இரண்டு ஆண்டுகளில் காலில் மீண்டும் உறைவது கூடியது. உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுக்கவே முடியாத நிலையில் இருப்பவருக்கு அது தேவை. வைத்துவிட்டு எடுக்க மறந்துபோவதுதான் கொடுமை. நீங்கள் வைக்கும் ஒவ்வொரு வடிகட்டிக்கும் எடுக்கும் தேதியை அன்றே எழுதிவையுங்கள்.

இனி பணம். நேரடியாகச் சொல்கிறேன். சிரை நோய் பரவலானது, சிகிச்சை வெளிநோயாளியாகவே முடிந்துவிடும், ஸ்கேனில் ஒரு பின்னோட்டத்தைக் காட்டுவது சுலபம், செய்தால் உடனே பெரிய கெடுதலும் தெரியாது. இந்த நான்கும் ஒரே இடத்தில் சேரும்போது தேவையில்லாத சிகிச்சைகள் நடக்கும், நடக்கின்றன. மாதத்துக்கு இத்தனை சிரை மூட வேண்டும் என்று கணக்கு வைத்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் எண்ணிக்கையைச் சுவரில் ஒட்டிய ஓரிடத்தில் நான் ஒன்றரை வருடம் வேலை செய்தேன். முட்டி தேய்மானத்தால் வலிக்கும் காலில் கூடவே ஒரு சுருள் சிரை இருந்தால், வலிக்குக் காரணம் சிரை என்று எழுதச் சொன்னார்கள். விலகினேன். அதற்குப் பிறகு என்னிடம் யோசனை கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் சொல்வது: வேலைக்குச் சேருமுன் சம்பளம் எதைப் பொறுத்தது என்று கேளுங்கள், அங்கே கடந்த மாதம் 'உங்களுக்குச் சிகிச்சை வேண்டாம்' என்று எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்றும் கேளுங்கள். என் வெளிநோயாளிப் பிரிவில் புதிதாக வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஊசியோ வெப்பமோ இல்லாமல்தான் போகிறார்கள். நடை, எடை, காலுறை, சில சமயம் வெறும் விளக்கம். இது என் ஒருவனின் கணக்குதான், எல்லோருக்கும் பொருந்தும் விகிதம் இல்லை.

உயிரோடு விளையாடும் வேலை இல்லை என்பதால் மன பாரம் குறையும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். சாகக் கிடந்தவரைப் பிழைக்க வைக்கப் போய்ச் சிக்கல் வந்தால், குடும்பம் அதைப் புரிந்துகொள்கிறது. கால் கனமாக இருக்கிறது என்று நடந்து வந்த ஆசிரியைக்கு, சிகிச்சையால் ஆழ்சிரையில் உறைவு வந்தால் அது வேறு மாதிரி வலிக்கும். முட்டிக்குக் கீழே சஃபீனஸ் சிரையோடு ஒட்டியே ஓர் உணர்ச்சி நரம்பு இறங்குகிறது. அதைச் சுட்டுவிட்டால் உள்கணுக்கால் பக்கம் மரத்துப்போகும். எனக்கு அப்படி ஒரு நோயாளி உண்டு. இரண்டு வருடம், வரும்போதெல்லாம் காலைத் தடவியபடியே பேசினார். ஒருமுறைகூட என்னைத் திட்டவில்லை. முட்டிக்குக் கீழே எவ்வளவு தூரம் வெப்பம் கொடுப்பது என்பதில் நான் அன்றிலிருந்து மிகவும் கட்டுப்பாடாக இருக்கிறேன்.

தமனியை விட்டுவிடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கும் ஒரு கால்தான் காரணம். சிரைப் புண், இறுக்கமான கட்டுப் போடவும் என்ற குறிப்போடு ஒருவர் அனுப்பப்பட்டார். சுருள் சிரைகள் இருந்தன, கணுக்கால் கறுத்திருந்தது, எல்லாம் பொருந்தியது. பாதத்தில் நாடி மட்டும் இல்லை. கணுக்காலுக்கும் கைக்கும் உள்ள ரத்த அழுத்த விகிதம் 0.4. அந்தக் காலில் முழு அழுத்தக் கட்டுப் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் விரல்கள் கறுத்திருக்கும். தமனி அடைப்பை முதலில் திறந்து, பிறகு மெதுவாகச் சிரையைக் கவனித்தோம். தமனியை நன்றாகக் கற்றவர் சிரைக்கு வரும்போதுதான் அந்தக் கை தானாகப் பாத நாடியைத் தேடும். நீங்கள் கற்ற எதுவும் வீணாவதில்லை.

இரவு அழைப்புகள் குறையும், அது உண்மை. வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு இருப்பீர்கள். ஆனால் முற்றிலும் நிற்காது. சுருள் சிரை வெடித்து ரத்தம் பீய்ச்சி வருபவர் வருவார், காலை உயர்த்தி விரலால் அழுத்தினால் நிற்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மொத்தச் சிரையும் அடைத்துக் கால் நீலமாகித் தமனி ஓட்டமே நின்றுபோகும் நிலையிலும் வருவார்கள், அன்றைக்குப் பழைய அறுவை நிபுணராகத்தான் நிற்க வேண்டும்.

சில விஷயங்களில் என்னிடம் கேட்காதீர்கள். வருமானம் நாட்டுக்கு நாடு, காப்பீட்டுக்குக் காப்பீடு மாறும். என் அனுபவத்தை வைத்து எண் சொன்னால் தவறாக வழிகாட்டியதாகிவிடும். இடுப்புக்குழிச் சிரைகளால் வரும் நாள்பட்ட வலியும், பிறவியிலேயே வரும் சிரைக் கோளாறுகளும் தனி உலகம். நான் கைவைத்தவை குறைவு, அவற்றையே செய்பவர்களிடம் அனுப்பிவிடுகிறேன். அந்த வழி பிடித்தால் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

பயிற்சி முடிய மீதமிருக்கும் மாதங்களில் என்ன செய்வது? பெருந்தமனி அறுவைகளைத் தவறவிடாதீர்கள், இனி அந்த வாய்ப்பு வராது. ஸ்கேன் அறையில் நேரம் கேட்டு வாங்குங்கள், நோயாளியை நிற்க வைத்து நீங்களே வரையுங்கள், பிறகு சோனோகிராஃபரின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் உங்கள் பிரிவில் சிரை மூடிய இருபது பேரையாவது திரும்பக் கூப்பிட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்கு மறுபடி வந்திருக்கிறது, எங்கிருந்து வந்திருக்கிறது என்பது எந்தக் கருத்தரங்கிலும் கிடைக்காத பாடம். அப்புறம் வாரத்தில் ஓர் அரை நாள் புண் கட்டும் அறைக்குப் போய், அங்கே பல வருடமாகக் கட்டுப் போடும் செவிலியர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நோயாளிக்கு முழுக் கட்டையும் உங்கள் கையாலேயே போடுங்கள். அடுத்த வாரம் அவர் வரும்போது அதை நீங்களே பிரித்து, எங்கே நழுவியிருக்கிறது, எங்கே தோலில் பதிந்திருக்கிறது, எந்த இடத்தில் வீக்கம் வற்றவே இல்லை என்று அவரோடு சேர்ந்து பாருங்கள்.